மறை கழன்ற கொம்பன்

சின்னவளுக்கு ஊரின் கால்பந்துக் கழகத்தின் சந்தைப்படுத்தல் துறையில் வேலை கிடைத்ததும், அவளுடைய அப்பா தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கழகம் ஜெயித்தால் வீட்டில் கலகலப்பு, தோற்றால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று குடும்பம் நடத்தியவர்.

"இவ்வளவு நாள் நாம வேலிக்கு வெளிய நின்னு பாத்தோம். இனிமே நம்ம வீட்டுப் பொண்ணு உள்ள இருக்கா" என்றார்.

உள்ளே என்றால் எதற்கு உள்ளே என்பது அப்போது அவருக்கும் தெரியாது, சின்னவளுக்கும் தெரியாது.

துறையின் வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒரு மரம் வரையப்பட்டிருந்தது. அதற்கு வளர்ச்சிப் பாதை என்று பெயர். புதிதாகச் சேருகிறவர் விதை. அப்புறம் முளை, தளிர், கிளை. எல்லாவற்றுக்கும் மேலே இயக்குநர், அவர்தான் மரம். துறைக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாதையில் எங்கே நிற்கிறார்களோ அதுவே பெயர். "மரம் சார் உங்களைக் கூப்பிடறார்" என்று முதல் நாள் ஒருவர் வந்து சொன்னபோது சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றியிருந்த யாரும் சிரிக்கவில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

மரம் கண்களை மூடியபடி பேசுகிற மனிதர்.

"என்ன கனவோட வந்திருக்கீங்க?"

"குடும்பத்தோட, பொம்பளைங்க குழந்தைங்களோட மைதானத்துக்கு வரணும் சார். கழிப்பறை, வெளிச்சம், திரும்பிப் போக பஸ், இதெல்லாம் சரியா இருந்தா வருவாங்க. படிக்கும்போது இதைப் பத்தித்தான் ஆய்வு பண்ணேன்."

"கழிப்பறை" என்று மரம் அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உணர்ச்சியே இல்லாத சொல். நாம எதை விக்கறோம் தெரியுமா? உணர்ச்சியை. பதினோரு பேர் பந்தை உதைக்கறதை இல்ல. அது நாம ரசிகர்கிட்ட பேசிட்டிருக்கும்போது நடுவுல நடக்கற இடைஞ்சல்."

"அப்ப நான் என்ன செய்யணும் சார்?"

"விதை என்ன செய்யும்? மண்ணுக்குள்ள கிடக்கும். இருட்டா இருக்கும், மூச்சு முட்டும். அப்பத்தான் முளைக்கும். இங்க எல்லாருமே அப்படி வந்தவங்கதான்."

இதை அவள் ஏதோ தத்துவம் என்று நினைத்தாள். மறுநாள் கிடங்கைத் திறந்து காட்டினார்கள். ஆணியில் ஒரு காண்டாமிருகம் தொங்கிக்கொண்டிருந்தது.

அது கழகத்தின் சின்னம். பெயர் கொம்பன். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு, கைக்குப் பதில் மெத்தை போன்ற குளம்பு, தோளில் உட்காருகிற பெரிய தலை. வெளியே பார்ப்பதற்குக் கொம்பனின் வாய்க்குள் ஒரு வலைத்துணி. அது கீழ்நோக்கி இருந்ததால் தரையும் எதிரே நிற்பவர்களின் கால்களும்தான் நன்றாகத் தெரியும். தலையை அண்ணாந்தால்தான் முகங்கள். பின்கழுத்தில் வரிசையாகக் கொக்கிகள்; மாட்டவும் அவிழ்க்கவும் இன்னொரு ஆள் வேண்டும்.

விதைகளுக்குப் பொறுப்பான கிளை மேடம் விதிகளைச் சொன்னார். மைதானத்துக்குள் கொம்பன் பேசக் கூடாது. தலையைக் கழற்றக் கூடாது. உள்ளே இருப்பது யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட அசைவுகள் மட்டும்: கையசைத்தல், வயிறு குலுக்கல், இதயம் காட்டல், குதித்தல்.

"ஏதாவது ஆபத்துன்னா எந்த அசைவு மேடம்?"

கிளை மேடம் விதிகள் இருந்த தாளை மடித்து வைத்தார். "கொம்பனுக்கு ஆபத்து வராது. அது நம்ம பிராண்டோட குணம்."

காதில் ஒரு கருவியும் மாட்டினார்கள். கேட்க மட்டும்தான் அது. திருப்பிப் பேச வசதி இல்லை. விதைக்குச் சொல்ல என்ன இருக்கப் போகிறது என்பது துறையின் எண்ணம்.

இப்படியாக, விளையாட்டுச் சந்தைப்படுத்தலில் பட்டம் பெற்ற சின்னவள் காண்டாமிருகமானாள். வீட்டில் ரசிகர் தொடர்புப் பணி என்று சொல்லி வைத்தாள். பொய்யில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேலியோரம் வந்து உட்கார்ந்த அப்பாவோ, ராத்திரிச் சாப்பாட்டில் கொம்பனைத் திட்டாமல் எழுந்ததில்லை.

"கரெக்டா கார்னர் கிக் அடிக்கும்போது அந்தத் தடியன் குறுக்க வந்து வயித்தைக் குலுக்கறான். அவன் பெரிய கொம்பனா இருந்தா எனக்கென்ன? உங்க ஆபீஸ்ல சொல்லி அவனை ஓரமா நிக்கச் சொல்லு."

"சொல்றேன்ப்பா" என்பாள் சின்னவள், கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.

பருவத்தின் பெரிய ஆட்டம் வந்தது. அதற்காகத் துறை ஒரு திட்டம் தீட்டியது. பெயர் பூகம்பம். தெற்குப் பக்கம் இரும்புக் குழாய்ச் சாரம் கட்டி, அதன்மேல் இருக்கை போட்டு, உணர்ச்சி மேடை என்று பெயர் வைத்தார்கள். ஒரு மெத்தைக் கம்பெனி அதற்கு ஆதரவாளர். வடக்குப் பக்கம் இன்னொரு மேடை. அதற்கு ஒரு குளிர்பானக் கம்பெனி. இரண்டாம் பாதியில் பெரிய திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்து, பூஜ்யம் ஆனதும் மைதானமே ஒன்றாகக் குதிக்க வேண்டும். அதிர்வை அளக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். கோல் விழுந்தால்தான் குதிப்பதா என்று சின்னவள் கேட்டாள். கோல் விழும் நேரத்துக்கு எந்த ஆதரவாளரும் உத்தரவாதம் கேட்க முடியாது, ஆகவே கோலை நம்பித் திட்டம் போடுவதில்லை என்று விளக்கினார்கள்.

உணர்ச்சி மேடையில் ஊழியர் குடும்பங்களுக்கு இலவச இருக்கை. அப்பாவும் அம்மாவும் மேல் வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்பா வாழ்க்கையில் முதல்முறையாகக் கொம்பன் மறைக்காத இடத்திலிருந்து ஆட்டம் பார்க்கப் போகிறார்.

முன்தினம் முழுக்க மழை. ஆட்டத்தன்று வெயில் அடித்தாலும் மண் ஊறிப் போயிருந்தது.

முதல் பாதி முடியும் வேளையில் சின்னவள் மேடைக்கு முன்னால் நின்று வயிறு குலுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கொம்பனின் வாய் வழியே தெரிவதெல்லாம் தரைதானே. சாரத்தின் மூலைக் கால் ஒரு மரப்பலகை மேல் நின்றது. பலகை சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குழாய் பலகையின் விளிம்புக்கு வந்திருந்தது. மேலே கூட்டம் கத்தி அசையும்போதெல்லாம் குழாய் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. குறுக்குக் குழாயைப் பிடித்திருந்த போல்ட்டின் மறை ஒன்று கழன்று சேற்றில் கிடந்தது.

சின்னவள் மேடையை அண்ணாந்து பார்த்தாள். மேல் வரிசையில் அம்மாவின் பச்சைக் குடை தெரிந்தது.

கீழே கையைக் காட்டினாள். முன் வரிசை மொத்தமும் சிரித்துக்கொண்டே கீழே கையைக் காட்டியது. இறங்குங்கள் என்று இரண்டு குளம்பையும் வீசினாள். மேடை முழுக்கக் கைகள் அலைபோல வீசின. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெரிய தலை ஆடியதும் ஒரே ஆரவாரம். எல்லாரும் தலையாட்டினார்கள், காலையும் சேர்த்துத் தட்டினார்கள். குழாய் மறுபடி நகர்ந்தது.

"சூப்பர்! இதைத் தொடர்ந்து பண்ணுங்க" என்றது காதுக்குள் ஒரு குரல். கட்டுப்பாட்டு அறையில் இருந்த முளை அவன். "கூட்டம் உங்க கைக்குள்ள இருக்கு!"

வேறு வழி தெரியாமல் அவள் குனிந்து, அந்த மறையைக் குளம்புகளுக்கு நடுவில் எப்படியோ இடுக்கிக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

"மோதிரமா?" என்று முளை அலறினான். "யாருக்கு? யாருக்கு? அப்படியே மண்டி போடுங்க, கேமரா வருது!"

பெரிய திரையில் கொம்பனின் குளம்பும் அதில் அந்த மறையும் தெரிந்தன. சுற்றிலும் சிவப்பு இதயங்கள் பறந்தன. மேடையில் ஒரு பெண் எழுந்து நின்று வெட்கப்பட்டாள்.

இடைவேளை விசில் ஊதியதும் சின்னவள் ஓடினாள். பஞ்சுக் கால்களோடு ஓடுவதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். வீரர்கள் வரும் நடைபாதையின் ஓரத்தில் கிளை மேடம் நின்றிருந்தார்.

"மேடம், மேடையோட கால் பலகையிலிருந்து நழுவுது. மறை கழண்டு கிடக்கு, இதோ பாருங்க. குதிச்சா விழுந்துடும்."

கிளை மேடத்தின் முகம் வெளிறியது. மறையைப் பார்த்து அல்ல. "பேசறியா? யாராவது கேட்டாங்களா?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்க அப்பா அம்மா அங்கதான் இருக்காங்க மேடம்."

"அப்ப இது தனிப்பட்ட விஷயம். தனிப்பட்ட விஷயத்தை ஆட்டம் முடிஞ்சதும் மனிதவளத்துல சொல்லு."

"அத்தனை பேர் இருக்காங்க மேடம்!"

கிளை மேடம் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "இந்தத் தலைக்குள்ள நான் எத்தனை தடவை மயங்கி விழுந்திருக்கேன் தெரியுமா? ஒரு தடவை வாந்தியே எடுத்துட்டேன். கழட்டினேனா? பேசினேனா? அதனாலதான் இன்னிக்குக் கிளையா நிக்கறேன்." ஆனாலும் அவர் கைபேசியை எடுத்தார். விருந்தினர் மாடத்தில் இருந்த மரத்தைக் கூப்பிட்டு, சின்னவளுக்கும் கேட்கும்படி வைத்தார்.

மரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"விழுந்துடும்ங்கற சொல்லை யார் பயன்படுத்தினது?"

"விதை, சார்."

"விழும்னு நாம சொல்ல முடியாது. மேடை தன்னோட நிலையை மறுபரிசீலனை செய்யுதுன்னு சொல்லலாம். குதிக்க வேண்டாம்னும் சொல்ல முடியாது, அது எதிர்மறை. 'உள்ளத்தால் குதியுங்கள்.' எப்படி இருக்கு?"

"அழகா இருக்கு சார்" என்றார் கிளை மேடம், கண்ணில் நீரோடு.

"தளிரை விட்டு இன்னும் ரெண்டு மூணு மாதிரி எழுதச் சொல்லுங்க. சட்டத்துறை பாக்கட்டும். மெத்தைக்காரங்க என் பக்கத்துலதான் இருக்காங்க, அவங்க கருத்தையும் கேட்டுடறேன். அவசரப்பட வேண்டாம்."

தளிரின் மாதிரிகள் வந்து சேர்வதற்குள் வெளியே இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. பெரிய திரையில் எண்கள் இறங்கத் தொடங்கியிருந்தன. மேளம் போன்ற ஓர் இசை ஒவ்வோர் எண்ணுக்கும் அதிர்ந்தது.

"கொம்பன் எங்க? கொம்பன் மேடைக்கு முன்னாடி வரணும், நீங்கதான் குதிக்க ஆரம்பிக்கணும்!" என்று காதில் முளை கத்தினான்.

சின்னவள் வந்தாள். குழாய் இப்போது பலகையின் ஓரத்தில் பாதிதான் நின்றது. தலையைக் கழற்றப் பார்த்தாள். குளம்புக் கை கொக்கிகளை எட்டவே இல்லை. பக்கத்தில் நின்ற காவலாளியிடம் கத்தினாள்; இசையில் பஞ்சுத் தலைக்குள்ளிருந்து குரல் வெளியே வரவில்லை. முதுகைக் காட்டினாள். அவர் பிரியமாகத் தட்டிக்கொடுத்தார். கடைசியில் கொம்பனின் கொம்பை வேலிக் கம்பிகளின் இடுக்கில் செருகி, இரண்டு காலையும் ஊன்றிப் பின்னால் இழுத்தாள். கொக்கிகள் பட்பட்டென்று பிய்ந்தன. தலை வேலியிலேயே மாட்டிக்கொண்டு நிற்க, வியர்வையில் குளித்த ஒரு பெண் பின்னால் போய் விழுந்து எழுந்தாள்.

 மேடையில் குழந்தைகள் அழுதன.

"கொம்பனுக்கு மறை கழண்டுடுச்சுடா!" என்று யாரோ கத்த, கொல்லென்று சிரிப்பு.

"மேடை விழப்போகுது! குதிக்காதீங்க! எல்லாரும் இறங்குங்க!"

இசையில் அவள் குரல் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஆனால் மேல் வரிசையில் அப்பா எழுந்துவிட்டார்.

"ஏ, அது நம்ம சின்னவடி!"

"அவ ஆபீஸ்லல்ல இருக்கா?" என்றாள் அம்மா.

அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் விளையாடவில்லை என்று அவருக்குப் புரிந்தது. அவள் கை காட்டிய மூலையை எட்டிப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, நெரிசல் நேரப் பேருந்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்கிற அந்தப் பழைய குரலை எடுத்தார்.

"இறங்கு இறங்கு இறங்கு! வண்டி இதோட நிக்குது, எல்லாரும் இறங்கு! படியில நிக்காதே, இறங்கி முன்னாடி போ! ஏம்மா, குழந்தையைக் கையில தூக்கிக்கோ! தம்பி, யாரையும் தள்ளாதே, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போ!"

காரணம் கேட்டிருந்தால் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். அந்தக் குரலுக்குக் காரணம் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. கால்கள் தாமாக இறங்கின. சின்னவள் கீழே படியருகில் நின்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து அப்பால் அனுப்பினாள். அம்மா இறங்கினாள். குடை மேலேயே இருந்துவிட்டது என்று திரும்பப் போனவளைச் சின்னவள் கொம்பனின் வயிற்றாலேயே முட்டி வெளியே தள்ளினாள். இசை வேகம் பிடித்தது. திரையில் ஒற்றை எண்கள்.

"அப்பா, வாங்க!"

"இரு, அந்தக் கோடியில ஒரு பெரியவர் இருக்கார்."

பெரியவரை முன்னால் விட்டு அப்பா பின்னால் வந்தார். பெரியவர் கீழே கால் வைத்தார். அப்பா கடைசிப் படிகளில் இருந்தார். திரையில் பூஜ்யம். மற்ற எல்லாப் பக்கமும் சனம் ஒன்றாகக் குதித்தது. நிலம் அதிர்ந்தது. குழாய் பலகையை விட்டு வழுக்கியது. உணர்ச்சி மேடை ஒரு பக்கமாக முனகிக்கொண்டு சாய்ந்து, பிறகு மடமடவென்று மொத்தமாக உட்கார்ந்தது.

புழுதிக்குள் சின்னவள் அப்பாவைத் தேடினாள். ஒரு இருக்கைக்கும் வேலிக்கும் நடுவில் கிடந்தார். இடது கை முழங்கைக்குக் கீழே தப்பான திசையில் வளைந்திருந்தது.

"எல்லாரும் இறங்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இறங்கிட்டாங்கப்பா."

"அப்ப சரி. நீதான் அந்தத் தடியனா?" என்றார் அப்பா. அவள் அவர் மேல் கவிழ்ந்து அழுதாள்.

அதிர்வளக்கும் கருவி அதுவரை காட்டாத எண்ணைக் காட்டியது. விருந்தினர் மாடத்தில் மெத்தைக் கம்பெனியின் பிரதிநிதி எழுந்து நின்று கைதட்டினார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே துறைக்கு வரச் சொன்னார்கள். நீள மேஜையின் ஒரு பக்கம் மரம், கிளை மேடம், முளை, சட்டத்துறையிலிருந்து ஒருவர். மறுபக்கம் சின்னவள். மேஜையின் நடுவில் கொம்பனின் தலை, கொம்பு வளைந்து கிடந்தது. குற்றச்சாட்டு: குழந்தைகள் முன்னிலையில் கழகச் சின்னத்தின் தலையை அகற்றியது.

"ஒரு காண்டாமிருகத்துக்குள்ள மனுஷன் இருக்கான்னு ரசிகருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் சட்டத்துறை. "இந்தச் சேதத்தை எப்படிச் சரிக்கட்டறது?"

"மேடை விழுந்ததே சார்?"

"அது தனி விஷயம். அதை ஒரு குழு பாக்கும்."

கிளை மேடம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது முளை தயங்கித் தயங்கித் தன் கைபேசியை மரத்திடம் நீட்டினான். சின்னவள் தலையைப் பிய்த்தெடுக்கும் காட்சி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கொம்பனின் உடம்போடு ஒரு பெண் மனிதர்களைக் கைபிடித்து இறக்குவதைப் பார்த்துப் பார்த்து சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. மரம் முதல்முறையாகக் கண்களைத் திறந்தார்.

"இது நல்லா இருக்கே" என்றார். அறையின் குளிர் அப்போதே மாறியது. கிளை மேடம் சின்னவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

மரம் எழுந்து சுவரோரம் நடந்தபடி பேசினார். "பாருங்கம்மா, விபத்துங்கறது திட்டம் போடாத நிகழ்ச்சி. திட்டம் போட்டதா நாம சொல்லிட்டா அது விபத்தே இல்ல. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லணும். இது பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நம்ம துறை வடிவமைச்ச நிகழ்ச்சி, தலையைக் கழட்டினதும் அதுல ஒரு பகுதி. அவ்வளவுதான். நீங்க முளை, தளிர் எதுவும் ஆக வேண்டாம். நேரா கிளை."

சின்னவள் கிளை மேடத்தைப் பார்த்தாள். அவர் தண்ணீர்ச் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வடக்கு மேடையும் இதே மாதிரிதானே சார் கட்டியிருக்கு? இந்த வாரமே அங்க ஆட்டம் இருக்கே."

"அது வேற ஆதரவாளர்" என்றார் மரம்.

அன்று முழுக்கச் சின்னவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கிளை என்றால் தனி அறை. அவளுடைய ஆய்வை நாலு பேரிடம் காட்டலாம். கழிப்பறை என்ற சொல்லைக்கூட ஒருநாள் சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். அப்பாவிடம் சொன்னாள். அவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, "என் கை உடைஞ்சதும் திட்டத்துல இருந்துச்சாமா?" என்று மட்டும் கேட்டார்.  ஆட்டச் செய்திக்குத் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டார்.

பத்திரிகையாளர் கூட்டத்தில் மரம் நடுவில் உட்கார்ந்து அவளை அறிமுகப்படுத்தினார். ஒலிவாங்கி சின்னவளின் கைக்கு வந்தது. 

"இது யாரும் திட்டம் போட்டது இல்ல. மழையில பலகை சாஞ்சு கால் நழுவிச்சு. நான் பாத்தேன், சொன்னேன். அதை எப்படி அழகாச் சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருந்தாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு, தலையைப் பிச்சுட்டுக் கத்தினேன். எங்கப்பா கை உடைஞ்சிருக்கு."

 மரம் மெல்லக் கைதட்டினார்.

"பாத்தீங்களா?" என்றார் எல்லாரையும் பார்த்து, குரல் தழுதழுக்க. "இந்த உண்மைத்தன்மை! இதைத்தான் எங்க வளர்ச்சிப் பாதை ஒவ்வொரு விதைக்குள்ளயும் ஊட்டி வளர்க்குது. எங்களையே விமரிசிக்கற தைரியத்தை நாங்கதான் கத்துக்கொடுத்தோம்."

பத்திரிகைக்காரர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். சிலர் தலையாட்டினார்கள்.  கொம்பனின் தலைக்குள் நின்று குளம்பை வீசியபோது அவர்களும் திருப்பி வீசினார்களே, அதேதான் இங்கேயும் நடக்கிறது என்று சின்னவளுக்குத் தோன்றியது. இனி எதைச் சொன்னாலும் அது அவர்கள் வாயில் போய் வேறாக வரும்.

அவள் ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள்.

"வடக்கு மேடைக்கு வாங்க. நடக்கற தூரந்தான். நீங்களே குனிஞ்சு பாத்துக்கோங்க."

"சிற்றுண்டி தயாரா இருக்கு, அதுக்கப்புறம்..." என்று மரம் தொடங்குவதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். முதலில் ஒரே ஒரு நிருபர்தான் பின்னால் வந்தாள். பிறகு கேமராக்காரர்கள். கேமரா போகிற இடத்துக்கு மற்றவர்கள் போகாமல் இருக்க முடியாது. தடுப்பதற்காக ஓடிவந்த முளை, வேலியருகே வந்ததும் என்ன நினைத்தானோ, சாவி வைத்திருந்தவன் அவன்தான், தானே கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

மேடைக்கு அடியில் எல்லாரும் குனிந்தார்கள். அதே மரப்பலகைகள். அதே சேறு, இப்போது காய்ந்து வெடித்திருந்தது. அந்த நிருபர் ஒரு காலைக் கையால் தள்ளினாள். அது கடகடவென்று ஆடியது. மேலே எங்கிருந்தோ ஒரு மறை உருண்டு விழுந்தது. கேமராக்காரர் ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். இந்தக் காட்சிக்கு மட்டும் மரத்தால் உடனே ஒரு பெயர் வைக்க முடியவில்லை.

சாயங்காலத்துக்குள் நகராட்சிப் பொறியாளர் வந்து மைதானத்தைப் பூட்டி முத்திரை வைத்தார். இரண்டு கம்பெனிகளும் தங்களுக்கும் விளையாட்டுக்கும் எப்போதும் சம்பந்தம் இருந்ததில்லை என்று அறிக்கை விட்டன. மேடைகளைப் பிரித்துவிட்டு, ரசிகர்கள் பழைய சிமெண்டுப் படிகளிலேயே உட்காரலாம் என்று உத்தரவு வந்தது.

மறுவாரம் மரம் சின்னவளைக் கூப்பிட்டார். துறையில் வேலையை விட்டு நீக்குவது என்ற பேச்சே கிடையாது. அதற்குப் பரவுதல் என்று பெயர்.

"உங்களைப் பரவ விடறோம். விதை ஒரே இடத்துல கிடந்தா வளராது. காத்துல போகணும். உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. உங்களால நாங்க பெரிய பாடம் கத்துக்கிட்டோம்."

"என்ன பாடம் சார்?"

"அடுத்த பருவத்துலேர்ந்து கொம்பன் தலைக்குப் பூட்டு."

"சாவி?"

"சட்டத்துறைகிட்ட."

"தீப்பிடிச்சா?"

"மின்னஞ்சல் அனுப்பலாம்."

சின்னவள் கதவு வரை போய்த் திரும்பினாள். பிறகு, பல நாளாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டாள். "சார், அன்னிக்கு அந்த மேடையில உங்க வீட்டு ஆளுங்க யாராவது இருந்தாங்களா?"

"எங்க வீட்லயா?" மரம் கண்களை மூடிச் சிரித்தார். "எங்க வீட்ல யாரும் மைதானத்துப் பக்கமே வர்றதில்லம்மா. அந்தக் கூட்டம், அந்தச் சத்தம், யாருக்குப் பிடிக்கும்?"

வெளியே வாசலில் அப்பாவும் அம்மாவும் காத்திருந்தார்கள். மாவுக்கட்டுக் கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு, அப்பா காவலாளியிடம் அந்த ஆட்டத்தில் கொடுக்காமல் விட்ட பெனால்டியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"பரவச் சொல்லிட்டாங்க."

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. நல்ல கையால் மகளின் தோளை ஒருமுறை அழுத்தினார். காவலாளியின் முன்னால் அதற்கு மேல் எதுவும் செய்ய அவருக்குக் கூச்சம்.

"விடு. மேடையைப் பிரிக்கற வரைக்கும் ஆட்டத்தை வேற மைதானத்துக்கு மாத்திட்டாங்களாம். நாளைக்கு டிக்கெட் குடுக்கறாங்க, கூட்டம் சேர்றதுக்குள்ள போய் வரிசையில நிக்கணும். நீயும் வா."

"இன்னுமாப்பா?"

"ஆடறவங்க என்னடி பண்ணாங்க பாவம்?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "போலாம். ஆனா முதல்ல மூணு பேரும் குனிஞ்சு அடியில பாக்கணும். அப்புறந்தான் மேல ஏறணும்."